ஒன்றாம் எண் வீட்டின் தரை

பிப்ரவரி 4, செவ்வாய்

கல் தரையை இன்று திரும்பப் பதித்து முடித்தார்கள். நான் கேட்டபடியே. ஒவ்வொரு பலகைக்கல்லுக்கும் சுண்ணக்கட்டியால் எண் போட்டு எடுத்து, அடியில் வெந்நீர்க் குழாய்களை ஓட்டி, மறுபடி அதே இடத்தில், அதே சரிவில்.

மட்டமாகப் போட்டுவிடலாம் என்றுதான் கார்மக் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் அவர்தான் தலைமைக் கட்டடக் கலைஞர். "மேசை ஆடும், கோதை. குடிவர்றவங்க நம்மளத்தான் திட்டுவாங்க." நான் விடவில்லை. கூரை புதிது, கதவு புதிது, சுவரில் சுண்ணாம்பு புதிது. 1841இல் இதைக் கட்டியவர்களின் கை மிஞ்சியிருப்பது இந்தச் சரிவு ஒன்றில்தான். அதையும் மட்டமாக்கினால் கட்டடத்தின் நேர்மை போய்விடும் என்று சொன்னேன். "நேர்மை" என்ற சொல்லைக் கேட்டதும் கார்மக் கையைத் தூக்கிச் சரணடைந்தார்.

எல்லோரும் போனபின் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

அயர்லாந்தின் மேற்கில், ட்ரம்கேரா என்ற இந்தச் சிற்றூரில், மிகப் பெரிய கட்டடம் இதுதான். கட்டியபோது ஏழை விடுதி. நிலமும் வீடும் இழந்தவர்கள் குடும்பத்தோடு வந்து, வாசலிலேயே ஆண், பெண், குழந்தை என்று பிரிக்கப்பட்டு, கல்லுடைத்துக் கஞ்சி வாங்கிய இடம். கட்டி நாலைந்து வருடத்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் வந்தது. நம் தாது வருஷப் பஞ்சத்தின் கஞ்சித்தொட்டிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். அதன் பிறகு படைவீரர்கள் தங்கினார்கள். முதியோர் இல்லமானது. சட்டை தைக்கும் தொழிற்சாலையானது. பிறகு காக்கைகளுக்கு விட்டுவிட்டார்கள். இப்போது வாடகைக் குடியிருப்பு.

பின்கட்டில் தனியாக நிற்கும் சின்னக் கல்வீடுதான் ஒன்றாம் எண். அது விடுதியின் பிணவறை. உடல்களை அங்கே கிடத்திக் கழுவினார்கள். கழுவிய நீர் தங்காமல் ஓடத்தான் தரையில் சரிவும், நடுவில் ஒரு கால்வாயும், சுவரடியில் ஒரு துவாரமும். துவாரத்துக்கு இப்போது கண்ணாடி பதித்திருக்கிறோம். காலை வெளிச்சம் அதன் வழியே அழகாக விழுகிறது.

பிப்ரவரி 12, புதன்

மழை. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் போட்டிருக்கிறேன். வீடெல்லாம் ஈர நாய் வாடை.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று வீடு பார்க்க ஆட்களை அனுமதித்தார்கள். இந்த ஊரில் வாடகை வீடு குதிரைக்கொம்பு. வரிசை முன்வாசலிலிருந்து பால்பண்ணை முனை வரை நின்றது. வாடகை முகவர் ஓர்லா என்னைக் கூப்பிட்டிருந்தாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். யாரிடமும் முதல் பேச்சிலேயே நெருங்கிவிடக்கூடியவள்.

"உங்க ஊர்க்காரங்க ரெண்டு பேர் வர்றாங்க கோதை. ஒன்றாம் எண்ணுக்கு. நீ கூட நின்னா அவங்களுக்குத் தைரியமா இருக்கும்."

வந்தவர்கள் செண்பகவல்லியும் அவள் கணவர் சுடலைமுத்துவும். கோவில்பட்டிக்காரர்கள். அவள் இங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவர் போன வருடம்தான் வந்தார், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. நான்கு நர்ஸுகளோடு ஒரே வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார்கள். அவளுக்கு நாலாம் மாதம். குழந்தை பிறந்தால் இங்கே இருக்க முடியாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

ஓர்லா கதவைத் திறந்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். "ஷூவெல்லாம் சேறு. நீங்க போய்ப் பாருங்க."

செண்பகவல்லி உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, பஸ் ஸ்டாண்டில் அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடும் குரலில்:

"ஏ தாயி, நீ தமிழா? வாசல்ல பாத்ததுமே இவுககிட்ட சொன்னேன், இது நம்ம பிள்ளன்னு."

"ஆமாக்கா. திருச்சி."

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். பழைய கட்டடங்காக. இங்கன யாரும் செத்துக்கித்துப் போயிருக்காகளா?"

என் முகம் சூடானது. ஓர்லாவுக்குத் தமிழ் தெரியாது. தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அவள் இருந்த திசையைத்தான் பார்த்தேன்.

"இல்லக்கா. விறகுக் கிடங்கா இருந்துச்சு."

முழுப் பொய் இல்லை. பிற்காலத்தில் இங்கே விறகு அடுக்கியிருந்தார்கள். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிதான் இந்த ஊரில் விறகு.

"கிடங்கா? அப்ப லெச்சுமி இருந்த எடம்னு சொல்லு" என்றார் சுடலைமுத்து. அவள் இன்னும் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

வெளியே வந்ததும் ஓர்லா கேட்டாள். "என்னமோ முக்கியமாக் கேட்டாங்களே?"

"வீடு கதகதப்பா இருக்குமான்னு கேட்டாங்க."

பிப்ரவரி 21, வெள்ளி

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் வேண்டாம் என்றிருப்பார்கள். வேறு வீடு கிடைத்திருக்காது. குழந்தையோடு எங்கே போவார்கள்? அவர்களுடைய நம்பிக்கையிலிருந்தே அவர்களைக் காப்பாற்றியிருக்கிறேன். இதில் தவறு இல்லை.

மதியம் பருப்புக் கடைந்தேன். அடி பிடித்துவிட்டது.

மார்ச் 3, திங்கள்

கோடையில் பொதுமக்களுக்காகக் கட்டடத்தை ஒரு நாள் திறந்துவைப்பார்கள். அன்றைக்கு முற்றத்தில் நிற்கப்போகும் வரலாற்றுப் பலகையை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கட்டடத்தின் வரைபடம், ஒவ்வொரு அறையும் என்னவாக இருந்தது என்ற குறிப்பு, நடுவில் ஊர்க் கதைகள் இரண்டு.

கதைக்காகக் கார்மக்கைக் கேட்டேன். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டாம் உலகப் போர்க் காலத்துல நிலக்கரி வர்றது நின்னு போச்சு. ஊரே குளிர்ல நடுங்குது. ஒருத்தர் விறக ஒருத்தர் திருடுவாங்க. பாதிரியார் வீட்டு விறகே ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடியறதுக்குள்ள காணாமப் போச்சு. ஆனா பின்கட்டு வீட்டுல கூரை தொடுற அளவுக்கு அடுக்கியிருந்தாங்க. கதவுக்குப் பூட்டே கிடையாது. ஒரு கட்டி குறையல."

அருமையான கதை. 'ஊர் மக்களின் நாணயத்துக்குச் சான்று' என்று தலைப்பிட்டு எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "அப்படியும் சொல்லலாம்" என்றார். ஏனோ கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

செண்பகவல்லி வீட்டில் இன்று பால் காய்ச்சினார்கள். மாசியில் குடி போகக் கூடாது, சித்திரை பிறக்கட்டும் என்று சுடலைமுத்துவுக்குத் தயக்கம். "ஓர்லாம்மாவுக்கு மாசி தெரியுமா, சித்திரை தெரியுமா? சாவி குடுத்தா வாங்கிக்கிடணும்" என்று அவள் அடக்கிவிட்டாள்.

வந்தது நானும் அவளோடு வேலை செய்யும் லிஸி என்ற கோட்டயத்து நர்ஸும்தான். மின்னடுப்பில் பால் பொங்குமா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. பொங்கும், ஆனால் அது பொங்கின மாதிரி இருக்காது என்று சுடலைமுத்து தீர்ப்புச் சொல்லி, கூடாரத்துக்குக் கொண்டுபோகும் சின்னக் கேஸ் அடுப்பைக் கல் தரையில் வைத்தார். சாம்பிராணி போட்டதும் கூரையிலிருந்த புகைக்கருவி அலற ஆரம்பித்தது. லிஸி நாற்காலிமேல் ஏறி அதற்குத் துண்டால் விசிறினாள். "ஈஸ்வரா, குலவை போட ஆளில்லன்னு நெனச்சேன், அதுவே போடுதே" என்றாள் செண்பகவல்லி.

மூலையில் அவர்கள் குலசாமியின் படம். முகமில்லாத ஒரு செங்கல் பீடம், வெள்ளை பூசி மாலை போட்டது. ஏதோ கிராமத்துச் சாமி. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பால் பொங்கியது. விளிம்பைத் தாண்டிக் கல்லில் விழுந்தது. கல்லிலிருந்து கல்லுக்கு இறங்கி, கால்வாயைச் சேர்ந்து, நேராகச் சுவரடித் துவாரத்துக்கு ஓடியது. வெள்ளைக் கோடு போட்ட மாதிரி.

"கெழக்க ஓடுது, கெழக்க!" என்று சுடலைமுத்து கைதட்டினார். "பாத்தியா வல்லி, வழி போட்டு வச்ச மாதிரில்லா ஓடுது!"

வழி போட்டு வைத்ததுதான்.

முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். "நீதான் இந்த வீட்டக் காட்டிக் குடுத்த. மொதல்ல நீ குடி."

குடித்தேன். சீனி தூக்கலாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

போன டிசம்பரில் மதியச் சாப்பாட்டின்போது ஓர்லா ஒரு கதை சொன்னாள். யாரோ ஓர் இந்தியக் குடும்பம் திசைகாட்டியோடு வந்து கதவு எந்தப் பக்கம் என்று அளந்தார்களாம். மேசையே சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் சிரித்தது நான்தான். இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

செண்பகவல்லி கறிவேப்பிலை கேட்டிருந்தாள், கொடுக்கப் போனேன். ஆறாம் மாதத்துக்கே வயிறு நன்றாகத் தெரிகிறது. திரும்பும்போது பார்த்தேன், சுவரடியில், கால்வாய் முடியும் இடத்தில், ஒரு முட்டைக்கோஸ் இலை. அதன்மேல் ஒரு கைப்பிடிச் சோறு, கொஞ்சம் கூட்டு. பக்கத்தில் டம்ளரில் தண்ணீர்.

"இது எதுக்குக்கா? எறும்புக்கா?"

"ஆமா, எறும்புக்குத்தான்" என்றாள். வேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மார்ச் மாதத்து அயர்லாந்தில் எறும்பைப் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. ஊர் ஞாபகத்தில் செய்கிறார்கள் போல. வீட்டுக்கு வரும் வழியில் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஓர்லா இன்று என்னைக் காரில் வீட்டில் இறக்கிவிட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. வாசலில் நிறுத்திவிட்டு என்ஜினை அணைக்கவில்லை.

"ஒரு நன்றி சொல்லணும் உனக்கு. ஒன்றாம் எண் காலியாவே கிடந்திருக்கும்."

"ஏன்? அன்னைக்கு அவ்வளவு பெரிய வரிசை நின்னுச்சே."

"வரிசை மத்த வீடுகளுக்கு." கண்ணாடித் துடைப்பானைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இந்த ஊர்க்காரங்க ஒருத்தரும் அதுக்கு மனுப் போடல. போடவும் மாட்டாங்க. எங்கம்மா அந்தச் சுவரு பக்கமா நடக்கவே மாட்டா, எதிர்ப் பக்கம் போய்ச் சுத்திக்கிட்டு வருவா. நான் மட்டும் என்ன? இத்தனை தடவை அந்தக் கதவைத் திறந்திருக்கேன், ஒரு தடவை உள்ள கால் வச்சதில்ல."

சேறு என்று சொன்னாளே என்று கேட்கவில்லை. பூட்டில்லாத கதவு நினைவுக்கு வந்தது. நாணயம் என்று தலைப்பிட்டிருக்கிறேன்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு கதகதப்பப் பத்திக் கேக்கல, இல்லையா?" என்றாள் ஓர்லா. "சுவத்துல கைய வச்சு அப்படி ஒருத்தி கேட்டா அது என்ன கேள்வின்னு எந்த மொழியிலயும் தெரியும். நீ என்ன சொன்னன்னும் புரிஞ்சுச்சு. நல்ல மனசு உனக்கு."

கையைத் தட்டிக்கொடுத்தாள். நான் நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவள் முன்னால் என் ஆட்கள் சிறுத்துவிடக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன். அதே பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. இந்த ஊருக்கே இருந்திருக்கிறது. அவர்கள் அதற்கு வெட்கப்படவில்லை. தங்களுக்கு வேண்டாததை என் கையால் என் ஆட்களிடம் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். நான் மட்டும்தான் வெட்கப்பட்டேன்.

பிப்ரவரி 21 குறிப்பைத் திருப்பிப் படித்தேன். கிழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

செண்பகவல்லி கூப்பிட்டு அனுப்பினாள். மே நான்காம் தேதி வளைகாப்பு. ஊரிலிருந்து யாரும் வர முடியாது. விசா இல்லை, பயணத்துக்கு வழியில்லை.

"இவுக கூடப் பெறந்த பொண்ணு யாரும் கெடையாது. நாத்தனா மொறைக்கு நீ நில்லு. மொத வளையல் நீதான் போடணும்."

"நான் கல்யாணம் ஆகாதவ, அக்கா. அதெல்லாம்—"

"அயர்லாந்து வரைக்கும் வந்தாச்சு, இனிமே என்னத்தச் சாத்திரம்? இனிமே அக்கா நொக்கான்னு கூப்டாத. மைனின்னு கூப்பிடு, கேக்கட்டும்."

"மைனி." அவர்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ம். நல்லாத்தான் இருக்கு."

சுடலைமுத்து உள்ளேயிருந்து, "தங்கச்சிக்குச் சீர் என்ன செய்யணும்னு கேளு, கோழி வறுத்தாப் போதுமா?" என்று கத்தினார்.

பிணவறையில் வளைகாப்பு. மே நான்குக்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால் வீட்டைக் காலி செய்வார்கள், ஏழு மாத வயிற்றோடு. சொல்லாவிட்டால் அந்தத் தரையில் மணை போட்டு, அந்தப் பெண்ணின் கையில் நான் வளையல் அடுக்க வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சொல்லத்தான் போனேன். அவள் கால் வீங்கி வெந்நீரில் வைத்திருந்தாள். கால் பிடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 30, புதன்

பலகையின் இறுதி வடிவம் அச்சகத்துக்குப் போனது. வரைபடத்தில் பின்கட்டு வீட்டுக்கு நேராக 'கிடங்கு' என்று இருக்கிறது. கார்மக் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 3, சனி

நாளைக்கான சமையல் ஏற்பாட்டில் உதவப் போனேன். சுடலைமுத்து தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அவள் மணையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பையைக் கீழே வைக்கும் முன்பே சொன்னேன். வைத்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"மைனி, இது விறகுக் கிடங்கு மட்டும் இல்ல. அதுக்கு முன்னாடி—"

"பொணம் கழுவுன எடம்" என்றாள் செண்பகவல்லி. கோலத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

சுடலைமுத்துவின் கத்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப தெரியும்?"

"பால் காச்சுன மறு வாரம். வார்டுல ஒரு கெழவி, எங்கன குடியிருக்கன்னு கேட்டா. சொன்னதும் சிலுவை போட்டுக்கிட்டு எங்கையப் புடிச்சுக்கிட்டா. விடவே இல்ல. அப்புறம் எல்லாம் சொன்னா. கஞ்சிக்கு வரிசையில நின்னே செத்துப் போவாகளாம்."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

இப்போதுதான் நிமிர்ந்தாள். "ஒரு தடவ கேட்டேன்லா?"

வீடு கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து மறைத்தேன் என்று சொன்னேன். நீங்கள் பயந்துவிடுவீர்களே என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். வாசலில் ஓர்லா நின்றதைச் சொல்லவில்லை. அங்கே அந்த நிலையிலும் அதைச் சொல்லவில்லை.

"பயமா?" சுடலைமுத்து கத்தியைக் கீழே வைத்தார். "ஏம்மா, எம்பேரு என்ன?"

"சுடலைமுத்து."

"சுடலைன்னா?"

சுடுகாடு. சுடுகாட்டில் நிற்கும் சாமியின் பெயர். மூலையில் அந்த முகமில்லாத பீடம், மாலையோடு. இத்தனை வாரமாக என் எதிரிலேயே இருந்தது.

"எங்க சாமிக்கு வீடே அங்கதான். எங்கய்யா சுடுகாட்டுக் கோயில் கொடைக்கு என்னத் தோள்ல தூக்கிட்டுப் போவாரு. நாங்க பொணத்துக்குப் பயந்தவுகளா?"

"பயந்துக்கிட்டு கேக்கல தாயி" என்றாள் செண்பகவல்லி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "செத்தவுக இருந்த எடம்னா, குடி வரு முன்ன அவுககிட்ட ஒரு வார்த்த கேக்கணும். அவுகளுக்கு ஒரு எல போட்டுட்டுத்தான் நாம அடுப்பு மூட்டணும். அதுக்குத்தான் கேட்டேன். நீ இல்லன்னுட்ட. நாங்க பாட்டுக்கு அவுக கெடந்த எடத்துல பாலக் கொட்டிட்டு, கைதட்டிட்டு, நாங்க மட்டும் குடிச்சோம். பசியில செத்தவுக முன்னால."

அந்த முட்டைக்கோஸ் இலை. எறும்புக்குத்தான் என்று சொன்னாள்.

"வெள்ளிக்கு வெள்ளி போடுதோம். இருந்தாலும் மொத நாளு போட்டது போல வருமா?"

என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மன்னிப்பு மாதிரி ஏதோ. அவள் மணையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுச் சொன்னாள்.

"நாளைக்கு வந்துருங்க. மொத வளையல லிஸி போடட்டும்."

வந்துருங்க. இதுவரை அவள் என்னை நீங்க என்றதில்லை.

மே 4, ஞாயிறு

நல்ல வெயில். நாலைந்து நாளாக மழையே இல்லை. மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் கூட்டமே வந்திருந்தது, பாதிப்பேர் மலையாளம், இரண்டு பேர் பிலிப்பைன்ஸ். சுடலைமுத்து புகைக்கருவிக்கு முதலிலேயே பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டார். லிஸி முதல் வளையலைப் போட்டாள். அவளுக்கு நலங்குப் பாட்டுத் தெரியாததால் தேவாலயத்துப் பாட்டு ஒன்றைப் பாடினாள், நன்றாகவே இருந்தது. என் முறை கடைசியில் வந்தது. பச்சையில் இரண்டு, சிவப்பில் இரண்டு. அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் நடந்ததைக் கடைசியாக எழுத வைத்திருக்கிறேன்.

மணையில் உட்காரும் முன் செண்பகவல்லி என்னைக் கூப்பிட்டாள். டப்ளினிலிருந்து வரவழைத்த வாழையிலைகளில் முதல் இலையைக் கால்வாய் முடியும் இடத்தில் விரித்திருந்தாள். தட்டுகளை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க போடுங்க."

புளிச்சோறு வைத்தேன். எலுமிச்சைச் சோறு, சர்க்கரைப் பொங்கல், வடை. அடுத்தது உருளைக்கிழங்கு வறுவல். கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. அழுகிப்போய் இங்கே செத்தவர்களைக் கைவிட்டது இதுதான். இதை நம்பித்தான் இருந்தார்கள், இது இல்லாமல்தான் இங்கே வந்தார்கள். இதை இவர்கள் இலையில் வைக்கலாமா?

வாசலில் நிழல் விழுந்தது. ஓர்லா. குழந்தைக்குப் பின்னிய கம்பளி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு, ஷூவில் சேறு என்றாள். வெளியே முற்றம் எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. யாரும் வற்புறுத்தவில்லை.

அவள் இலையைப் பார்த்தாள். "அது யாருக்கு?"

செண்பகவல்லிக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். தினமும் அதில்தான் நோயாளிகளைச் சமாதானப்படுத்துகிறாள். ஆனாலும் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"சொல்லுங்க. இந்தத் தடவ ஒழுங்காச் சொல்லுங்க."

சொன்னேன். கரண்டியைப் பிடித்தபடியே, எல்லோரும் கேட்க. அன்று இவர் கேட்டது கதகதப்பைப் பற்றி அல்ல. இங்கே யாராவது இறந்தார்களா என்று கேட்டார். நான் இல்லை என்றேன், ஏனென்றால் நீ வாசலில் நின்றாய், உன் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. இவர் கேட்டது, இறந்தவர்களிடம் முதலில் அனுமதி கேட்பதற்காக. இந்த இலை அவர்களுக்கு.

செண்பகவல்லி நான் சொல்லி முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவள் முன்னால் நான் வெட்கப்பட்டதை அவளும் இப்போதுதான் தெரிந்துகொள்கிறாள்.

ஓர்லாவின் கண் இலையிலேயே இருந்தது.

"உன் கையில இருக்கறது உருளைக்கிழங்கா?"

"ஆமா. வைக்கலாமான்னு தெரியல."

அவள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். இரண்டு ஷூவையும் கழற்றிப் படியோரமாக வைத்தாள். ஆனாலும் உள்ளே வரவில்லை. சாக்ஸோடு வெளிக்கல்லிலேயே நின்றாள்.

"வை" என்றாள். "நிறைய வை."